கோயில்காட்டுப் பக்கம்

அப்பாவின் உடலை எங்கே கொண்டுபோவது என்று குமுளி ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நாங்கள் குடியிருந்தது ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில், ஒற்றை அறை. கடைக்காரர் போனில் மரியாதையாகத்தான் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. கீழ யாவாரம் நடக்குற இடம். மேல ஏத்த வேண்டாம். நேரா சர்ச்சுக்கே கொண்டுபோயிருங்க."

அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் பெயர் இருதயம்மாள். அதுவரை அழாமல் இருந்தவள், "வீட்டுல இருந்து எடுக்காம எப்படிக் கொண்டுபோறது? ஆளில்லாத பொணமா அவரு?" என்று கேட்டு ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பி ஜோஜோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எங்களுக்கு வேறு வீடு இல்லை. இருந்த வீடு எப்படிப் போனது என்பதை எழுதாமல் அப்பாவைப் பற்றி எழுத முடியாது.

அப்பாவின் பெயர் சூசையப்பன். கழுகுப்பாறை எஸ்டேட்டின் ஐந்தாம் லயத்தில் பிறந்தார். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறியவர். அந்த ஊரில் இப்போது எங்களைத் தெரிந்தவர் யாரும் இல்லை. அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில், இலை வாடவைக்கும் மாடியில் வேலை. சாயங்காலம் கால்பந்து. எஸ்டேட் அணியில் இடது பின்காவல். வேகம் கிடையாது. எதிராளி எந்தப் பக்கம் திரும்பப்போகிறான் என்பதை அவன் தோளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று கூட ஆடியவர்கள் சொல்வார்கள். முட்டி தேய்ந்ததும் கோச் ஆனார். பிறகு, வேறு ஆள் வராததால், அணியின் செக்ரட்டரியும் அவரே. பூட்ஸ் வாங்குவது, ஜீப் பிடிப்பது, கோடு போடச் சுண்ணாம்பு கேட்டு ஆபீசுக்கு நடப்பது, மேனேஜர் சொல்லும் நகைச்சுவைக்குச் சிரிப்பது எல்லாம் செக்ரட்டரி வேலை. கோச் வேலையை ஆசையாகச் செய்தார். இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார்.

ஐப்பசி மழை விட்டதும் எஸ்டேட்டுகளுக்குள் நடக்கும் போட்டியை ஷீல்டு என்பார்கள். அப்பா அதை ஒருமுறைகூட வென்றதில்லை. ஒரு வருஷம் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள். அதைப் பற்றிக் கேட்டால், "நாங்க நல்லாத்தான் ஆடுனோம். அவங்க கோல் போட்டாங்க" என்பார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் லயத்தில் வீடு. குடும்பத்தில் ஒருவர் பெயராவது நிரந்தரமாக இருக்கும்வரை குடியிருக்கலாம். கடைசிப் பெயரும் ஓய்வு பெற்றுவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். பந்துப் பைத்தியம் பிடித்த பழைய மேனேஜர் ஒருவர், அணியில் ஆடும் தற்காலிகத் தொழிலாளி ஒருவனை ஒவ்வொரு வருஷமும் நிரந்தரமாக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். யாரை என்பது கோச்சின் முடிவு. அதற்குக் கடிதம் எதுவும் கிடையாது. ஷீல்டில் கழுகுப்பாறையின் கடைசி ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், கோச் ஆட்டப் பந்தை எடுத்து ஒருவன் கையில் கொடுப்பார். மறுநாள் காலை அவன் அதை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கிளார்க் மேசைமேல் வைப்பான். பெயர் ஏறிவிடும். அதைப் பந்துப் பேரு என்பார்கள்.

அதனால் சாயங்காலப் பயிற்சியை வேலியோரம் நின்று பார்க்கிற கூட்டம் வேறு மாதிரி இருக்கும். கொழுந்துக் கூடையை இறக்கிவைக்காமலே நிற்கும் அம்மாக்கள் பந்து போகிற திசையைக் கவனிக்கமாட்டார்கள். அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மழை விட்ட நாளிலிருந்து ஷீல்டு முடியும்வரை அப்பா யார் வீட்டிலும் டீ குடிக்கமாட்டார். அடுத்த லயத்துச் செபமாலையம்மாள், கொழுந்து பறிப்பவர், கணவரை இழந்தவர், அப்பாவைவிடக் கொஞ்சம் மூத்தவர், ஒருமுறை வழிமறித்துக் கேட்டார்.

"ஏன் சூசை, எங்க வீட்டு டீயில என்ன, விஷமா கலந்திருக்கு?"

"இல்லக்கா. சீனி கலந்திருக்கீங்க. அதான் பயம்."

எங்கள் மைதானம் மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்தது. பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும். அதில் ஆடுவதற்கு அப்பா ஒரு முறை வைத்திருந்தார். எஸ்டேட்டில் ஒவ்வொரு தேயிலைப் பகுதிக்கும் ஒரு பெயர் உண்டு. மேலே இருப்பது மேல்மலை, கீழே ஆத்துக்காடு, எங்கள் சர்ச்சான சின்னக் கோயிலை ஒட்டியது கோயில்காடு, மேனேஜர் பங்களாவுக்குக் கீழே பங்களாக்காடு. மைதானத்தின் நான்கு பக்கத்துக்கும் அந்தந்தத் திசையில் இருக்கும் காட்டின் பெயர். பந்து யாரிடம் இருக்கிறதோ அவன் தான் நிற்கும் காட்டைக் கத்துவான். எந்தப் பக்கம் ஆளில்லை என்பதை அப்பா கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார். எங்கள் பையன்களுக்கு அந்தப் பெயர்கள் நடை பழகிய நாளிலிருந்தே தெரியும். வெளி எஸ்டேட்காரர்களுக்கு அவை வெறும் சத்தம். பனியில் எங்களிடம் தோற்றவர்கள் அப்பாவுக்கு மந்திரம் தெரியும் என்று சொல்லிக்கொண்டு போனதுண்டு.

இந்த முறையை அவர் ஒரே ஒரு தடவை வெளியே கொண்டுபோனார். பாலக்காட்டுக்குக் கிழக்கே எருத்தேன்பதியில் தென்னந்தோப்பு வைத்திருந்த நஞ்சப்பன் என்பவர் ஒரு செவன்ஸ் அணி நடத்தினார். அணிக்கு ஏழு பேர் ஆடும் கோடைக்காலப் பந்தயம் அது. எங்கேயோ அப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒரு சீசனுக்குக் கோச்சாகக் கூப்பிட்டார். அப்பா சம்பளமில்லாத லீவு போட்டுப் போனார். முதல் நாளே காட்டுப் பெயர்களை விளக்கியிருக்கிறார். நஞ்சப்பனின் மகன் கௌசிக் அணியில் இருந்தான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னானாம்:

"ஏனுங்க கோச், இங்க நாலு பக்கமும் தென்னந்தோப்புதானுங்க. அதுவும் எங்கப்பன் தோப்புங்க. எதச் சொல்லிக் கூப்புடறதுங்க?"

அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த அணி இரண்டு கோப்பை ஜெயித்தது. அப்பா வாழ்க்கையில் ஜெயித்த கோப்பைகள் அவை மட்டுமே. கிளம்பும்போது நஞ்சப்பன் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, "இங்கயே இருந்துருங்க. தோப்புல ஒரு ஊடு கட்டிக் குடுத்தர்றனுங்க" என்றாராம். அப்பா மாட்டேன் என்றார். தன் பையன்கள் காத்திருப்பார்கள் என்றார்.

அம்மா அதை மறக்கவில்லை.

நான் சர்வேயர். கோயம்புத்தூரில் சாலை போடும் கம்பெனி ஒன்றில் வேலை. பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் என்னுடையது. ஜோஜோ எஸ்டேட்டிலேயே தற்காலிகமாக மருந்தடிக்கும் வேலைக்குப் போனான். அணியில் வலது பின்காவல். சுமாராக ஆடுவான். செபமாலையம்மாளின் மகன் ஷிபினும் தற்காலிகம்தான். முன்வரிசையில் ஆடுவான். பந்து அவன் காலுக்குப் போனால் தொழிற்சாலைப் பக்கம் நடந்துபோகிறவர்கள்கூட நின்றுவிடுவார்கள். அவனும் ஜோஜோவும் ஒரே சைக்கிளில் திரிந்தவர்கள்.

எஸ்டேட் கைமாறியது. புதிய முதலாளிகள் எங்கேயோ தூரத்தில் இருந்தார்கள். மழை விட்ட ஒரு நாள், தோட்டச் சூப்பர்வைசர் ஆறுமுகசாமி தொழிற்சாலை வாசலில் அப்பாவைப் பிடித்தார்.

"சூசையண்ணே, இந்த வருசத்தோட பந்துப் பேரு நிக்குதாம். கடைசியா ஒண்ணு குடுப்பாங்க. அதுக்கப்புறம் கிடையாது."

அப்பாவுக்கு அந்த வருஷக் கடைசியில் ஓய்வு. அம்மா ஏற்கெனவே ஓய்வு பெற்றவள். செபமாலையம்மாளுக்கும் அதே வருஷக் கடைசி. இரண்டு வீடு, ஒரு பந்து. லயத்தில் இதைத் தெரியாதவர் இல்லை.

அரையிறுதிக்கு முந்தின நாள் நான் லீவில் வந்திருந்தேன். சாப்பிடும்போது அம்மா தொடங்கினாள்.

"இந்த வருசம் பந்து நம்ம வீட்டுக்கு வரணும். சொல்லிட்டேன்."

"ஆட்டம் முடியட்டும், இருதயம்."

"உங்களுக்கு ஆட்டம் என்னைக்குத்தான் முடிஞ்சிருக்கு?"

"ஷிபின் நல்லா ஆடுறான்."

"நல்லா ஆடுறவனை நாலு பேரு கூப்புடுவான். உங்க மகனை யாரு கூப்புடுவா?"

"நான் இங்கதாம்மா இருக்கேன்" என்றான் ஜோஜோ.

"இருக்கறது தெரியுது. மைதானத்துல நீ இருக்கறதுதான் யாருக்கும் தெரிய மாட்டேங்குது."

அப்பாவுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. ஜோஜோவும் சிரித்தான். அந்த வீட்டில் நாங்கள் நால்வரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

விடிந்ததும் மைதானத்துக்குக் கோடு போடப் போனோம். நான் கயிற்றைப் பிடித்தேன், அப்பா சுண்ணாம்பு தூவினார். பாதிக் கோட்டில் நிமிர்ந்து சொன்னார்.

"முதலாளிமாரு இன்னைக்கு ஆட்டம் பாக்க வாராங்க. அவங்க கண்ணு முன்னால ஜெயிச்சிட்டா, ரெண்டு பந்துப் பேரு கேக்கப்போறேன்."

"குடுப்பாங்களா?"

"கேட்டாத்தான தெரியும். கடைசி வருசம்தான? ரெண்டு பையங்க, ரெண்டு வீடு. பெருசா என்ன கேக்கப்போறேன்?"

அவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்துவைத்தது இதுதான். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

முதலாளிகளுக்குப் பந்தலும் நாற்காலியும் போடுவது செக்ரட்டரியின் பொறுப்பு. பங்களாக்காட்டுப் பக்கம் தண்ணீர் ஊறும், கால் புதையும். காய்ந்த இடம் கோயில்காட்டுப் பக்கம் மட்டும். அது அப்பா நிற்கும் இடம். ஆடிய காலம் முடிந்த நாளிலிருந்து அவர் வேறெங்கும் நின்றதில்லை. அந்த இடத்தில் புல் முளைக்காது.

"அங்க நீங்கல்ல நிப்பீங்க?" என்றேன்.

"ஒரு நாளைக்கு எதுத்தாப்புல, பங்களாக்காட்டுப் பக்கம் நின்னுக்கறேன். நானா ஆடப்போறேன்?"

தானே முன்னால் நின்று, இரும்புக் கால் ஊன்றி, முளை அடித்து, கயிறு இழுத்துக் கட்டினார்.

முதல் பாதியில் வெயில் இருந்தது. ஷிபின் ஒரு கோல் போட்டான். பந்தலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்றுகூடத் தட்டினார். எதிர்ப்பக்கத்தில் அப்பா சேற்றில் நின்றுகொண்டு அவர்களையே பார்ப்பது எனக்குத் தெரிந்தது. இடைவேளையில் பனி இறங்கத் தொடங்கியது. விருந்தினர்களுக்குக் குளிர் தாங்கவில்லை. ஜீப் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள். அப்பா அந்த ஜீப்பைப் பார்த்துக்கொண்டே மைதானத்தில் பாதி தூரம் வந்தார். அதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டார். அப்பா திரும்பி, வந்த பக்கமே போனார். பந்தல் காலியாக இருந்தது. அவர் தன் பழைய இடத்துக்கு வந்து நின்றிருக்கலாம். ஏன் வரவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வெறும் நாற்காலிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

எதிரணி சமன் செய்தது. பனி கெட்டியானது. நான் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றேன். மைதானத்தின் நடுவட்டமே தெரியவில்லை. குரல்கள் மட்டும் கேட்டன. "ஆத்துக்காடு!" என்று ஜோஜோ கத்தினான். பந்து அவனிடமிருந்து மேலே போனது. "நடுவுல! நடுவுல!" இது ஷிபின். உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து அப்பாவின் குரல்:

"கோயில்காடு! கோயில்காடு போ!"

ஷிபின் பனிக்குள்ளிருந்து வெளிப்பட்டான். பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு, தலை நிமிர்ந்து, முழு வேகத்தில், நேராக நான் நின்ற பக்கம். அந்தப் பக்கம் ஆளில்லை என்று கோச் சொல்லியிருக்கிறார். கயிறு காலில் சிக்கியது. முட்டி பந்தலின் இரும்புக் காலில் மோதிய சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய்த் தலையைத் தாங்கிப் பிடித்தேன். அவன் அழவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்:

"யக்கா, கோச்சு கோயில்காடுன்னுதான சொன்னாரு?"

என் தொழிலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. அளக்கும் கருவியை இடம் மாற்றி வைத்தால், அடுத்து எதையும் அளப்பதற்கு முன்னால், ஏற்கெனவே தெரிந்த ஒரு புள்ளியைத் திரும்பிப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். செய்யாவிட்டால் அதன்பின் எடுக்கும் ஒவ்வொரு அளவும் தப்பு. கருவிக்குத் தான் இடம் மாறியது தெரியாது. அப்பாவுக்குத் தான் நிற்கும் பக்கம் என்றால் கோயில்காடு. எத்தனையோ வருஷமாக அப்படித்தான். வெயில் இருந்தவரை கண் அதைத் திருத்திக்கொண்டது. பனியில் திரும்பிப் பார்க்க எதுவும் தெரியவில்லை. தன் பக்கம் ஆளில்லை என்று கண்டார், தன் பக்கத்தின் பெயரைக் கத்தினார். வேறு யாராக இருந்தாலும் குரல் வந்த பக்கம் திரும்பியிருப்பான். ஷிபின் அவர் வளர்த்த பையன். சொல்லை நம்பினான்.

அப்பா மைதானத்தைக் கடந்து ஓடிவந்தார். பந்தலைப் பார்த்தார். கீழே கிடந்தவனைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஷீனா, நான் எந்தப் பக்கம் நின்னேன்?"

அவர் பந்தலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆட்டம் தொடர்ந்தது. தோற்றோம். பனியில் ஜீப் வரத் தாமதமானது. ஷிபினை ஒரு பலகையில் கிடத்தியிருந்தார்கள். ஜோஜோ அவன் காலை அசையாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செபமாலையம்மாள் மகனின் தலைமாட்டில். வேலியோரம் இருந்த கூட்டம் கலையவில்லை. கழுகுப்பாறையின் கடைசி ஆட்டம் முடிந்துவிட்டது. பந்து கொடுக்க வேண்டும்.

யாரோ பந்தைக் கொண்டுவந்து அப்பா கையில் வைத்தார்கள். அவர் அதைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வேலியிலிருந்து ஒரு பெண் குரல், யார் என்று தெரியவில்லை, சத்தமாகவே சொன்னது:

"மகனுக்கு நல்லா வழி பண்ணிட்டாரு."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "ஜோஜோகிட்ட குடுங்க, குடுங்க" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெபம் மாதிரி இருந்தது.

அப்பா பலகையின் பக்கம் நடந்தார். ஜோஜோவும் ஷிபினும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள். அப்பா குனிந்து பந்தை ஷிபினின் நெஞ்சின் மேல் வைத்தார். அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதான். செபமாலையம்மாள் அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மா என் கையை விட்டாள். லயத்தைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் காலை ஷிபினுக்காக ஜோஜோதான் பந்தை ஆபீசுக்குக் கொண்டுபோனான். சம்பந்தப்பட்டவன் நேரில் வர வேண்டும், உடல் தகுதிக்கு டாக்டர் சான்று வேண்டும் என்றார்கள். ஷிபினுக்கு ஆபரேஷன் நடந்தது. ஏற்ற இறக்கத்தில் நடக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். எஸ்டேட்டில் ஏற்ற இறக்கம் தவிர வேறு தரை கிடையாது. அந்த இடம் ரத்து என்று ஆபீஸ் சொல்லிவிட்டது.

அப்பா போனார். தனக்கென்று அந்த ஆபீசில் எதையும் கேட்டுப் பழகாதவர். நடந்ததை வீட்டுக்கு வந்து அவரே சொன்னார்.

"அந்தப் பேரை ஜோஜோவுக்காவது போடுங்கன்னு கேட்டேன்."

அம்மா தலையை நிமிர்த்தினாள். "என்ன சொன்னாங்க?"

"பந்தை அவன்கிட்டதான குடுத்தீங்கன்னு கேட்டாங்க."

வருஷக் கடைசியில் இரண்டு சாவிகளும் போயின. செபமாலையம்மாள் வண்டிப்பெரியாற்றில் அக்கா வீட்டுத் திண்ணைக்குப் போனார். எங்களுக்கு அக்காவும் இல்லை.

சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா எருத்தேன்பதியை ஞாபகப்படுத்தினாள். "ஊடு தர்றேன்னாரே அந்த மனுசன். வாயைத் திறந்து கேளுங்க." அப்பா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். அவருக்குக் காது மந்தம். எடுத்தது கௌசிக்.

"கோச்சுங்களா! நல்லாருக்கீங்களா? அப்பா போயிட்டாருங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா? தோப்பையும் வித்தாச்சுங்க. நான் பொள்ளாச்சில வாடகை ஊட்டுலதான் இருக்கறனுங்க. என்னங்க, ஏதாச்சும் வேணுங்களா?"

"இல்லப்பா. சும்மா உன் குரலைக் கேக்கலாம்னு."

அவர் உள்ளே வந்து, "அவங்களும் கஷ்டத்துலதான் இருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

குமுளியில் ஜோஜோ ஏலக்காய் தரம்பிரிக்கும் இடத்தில் மூட்டை தூக்கினான். அப்பா அறையில் இருந்தார். கம்பத்துக்கு இறங்கும் பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் பையன்கள் பந்து ஆடுவார்கள். முதல் மாதம் அந்த வழியாகப் போனார். அதன்பின் சுற்றிக்கொண்டு போனார். நான் வரும்போதெல்லாம் ஒரே கேள்வி: கோயம்புத்தூரில் நிலம் என்ன விலை, ஒரு அறை கட்ட எவ்வளவு இடம் போதும். நான் படம் போட்டுக் காட்டுவேன். நிலம் வாங்க வழியில்லாத படம். உற்றுப் பார்த்துவிட்டு, "வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்பார். எந்தப் பக்கம் என்று சொன்னாலும் நம்பாதவர் மாதிரி மறுபடியும் கேட்பார்.

நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கடைசி நாட்களில் கண்ணை மூடியபடி திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே சொல். "பங்களாக்காடு. பங்களாக்காடு போ." அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது. நர்சு என்னவென்று கேட்டாள். வேலை பார்த்த இடம் என்றேன்.

நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தபோது ஒரு ஜீப் வந்தது. ஓட்டிவந்தவன் ஷிபின். முட்டி முழுசாக மடங்காது. கிளட்சை மிதிக்கும் அளவுக்கு மடங்கும். இப்போது அதுதான் அவன் பிழைப்பு. பக்கத்தில் செபமாலையம்மாள்.

"என்ன நிக்கிறீங்க?" என்றான்.

ஜோஜோ சொன்னான், "கொண்டுபோக வீடு இல்லடா."

ஷிபின் இறங்கி ஜீப்பின் பின்கதவைத் திறந்தான். பிறகு, "ஏத்துங்க" என்றான்.

கழுகுப்பாறை மைதானத்துக்குக் கதவு போட்டுச் சங்கிலி கட்டியிருந்தார்கள். ஆறுமுகசாமியிடம் சாவி இருந்தது. ஜீப்புக்குள் யார் என்று பார்த்தார். "மேல கேக்கணும்" என்று இழுத்தார். செபமாலையம்மாள் இறங்கி அவர் முன்னால் நின்றார்.

"யாரைக் கேப்ப? செத்தவனையா? தொறப்பா."

திறந்தார். பங்களாக்காட்டுப் பக்கம் முழுக்கத் தேயிலை நாற்றங்கால். மற்ற பாதியில் முட்டியளவு புல். கோயிலிலிருந்து ஒரு பெஞ்சை எடுத்துவந்து, கோயில்காட்டுப் பக்கம், அவர் எப்போதும் நிற்கும் இடத்தில் போட்டோம். அதன்மேல் அப்பாவைக் கிடத்தினோம். லயத்திலிருந்து சனம் வந்தது. அம்மா கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள். செபமாலையம்மாள் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பந்து கொடுத்த நாளிலிருந்து இருவரும் பேசிக்கொண்டதில்லை.

"இருதயம்," என்றார் செபமாலையம்மாள். "அன்னைக்கு உன் மகன் கையில குடுத்திருந்தா, நான் மண்ணை வாரித் தூத்தியிருப்பேன்."

"தூத்தியிருக்கலாம்க்கா," என்றாள் அம்மா. "வீட்டுக்குள்ள நின்னு தொடைச்சிருப்பேன்."

சாமியார் வரக் காத்திருந்தோம். நான் ஜோஜோவைத் தள்ளிக் கூட்டிப்போய், இதுவரை கேட்காததைக் கேட்டேன்.

"அப்பா உன்கிட்ட குடுத்திருந்தா வாங்கியிருப்பியா?"

"வாங்கியிருப்பேன்." யோசிக்கவே இல்லை. "அப்பாவுக்கும் அது தெரியும். அதான் கடைசி வரைக்கும் என் பக்கம் பாக்கவே இல்ல."

சாமியார் வந்து ஜெபித்தார். தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தோம். அதன்பின் அம்மா மறுபடி மைதானத்துக்கே வந்துவிட்டாள். பெஞ்சை எடுத்துவிட்டிருந்தார்கள். அது இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஆறுமுகசாமி சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார்.

"எந்திரிம்மா. போகலாம்" என்றேன்.

"எங்க?"

குமுளி அறையின் சாவி என் பையில் இருந்தது. கையை உள்ளே விட்டு அதைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.